இரண்டு தட்டு, ஒரு உள்ளங்கை

விடிகிற நேரத்தில் வாஞ்சிநாதன் ஓட்டும் மோட்டார் சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது. கனவில் அது அப்படித்தான். வெலிங்டன் தீவின் ரோடு வெளுத்துக் கிடக்கும். இரண்டு ஓரத்திலும் தேங்காய் நார் அடைத்த சாக்குகள் அடுக்கியிருக்கும். எங்கிருந்தோ சுக்கு வாசனை வரும். முன்னால் இன்னொரு வண்டியில் அழகர் போய்க்கொண்டிருப்பான். அவன் தலையில் சும்மாடு, சும்மாட்டின் மேல் ஒரு மிளகு மூட்டை. தலையில் சுமையை வைத்துக்கொண்டு எவனாவது மோட்டார் பந்தயம் ஓட்டுவானா என்று கனவில் யாரும் கேட்பதில்லை.

வாஞ்சிநாதன் பின்னால் நெருங்குவான். இடது கையை நீட்டி, அழகரின் வலது இடுப்பில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவான். அழகர் திரும்பிப் பார்க்க மாட்டான். இடப்பக்கம் ஒதுங்குவான். ஒதுங்கிக்கொண்டே போவான். ரோட்டைத் தாண்டி, சாக்குகளைத் தாண்டி, காயல் தண்ணீரின் மேல் ஏறி, விழாமல், நனையாமல், சின்னதாகிச் சின்னதாகி அக்கரைப் பனிக்குள் போய்விடுவான். தலை மூட்டை கடைசிவரை அசையாது.

"ஏன்னா, பின்னேயும் அதே கனாவா?" என்று கமலாக்ஷி எழுந்து உட்காருவாள். "கையை நீட்டி என் விலாவுலேன்னா தட்டறேள்! நான் எங்கே ஒதுங்கறது? அந்தப் பக்கம் சுவராக்கும்."

அவளுக்கு அது வேடிக்கை. கட்டிக்கொண்டவனுக்கு மோட்டார் சைக்கிள் பைத்தியம், தூக்கத்திலும் ஓட்டுகிறான், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். வாஞ்சிநாதன் எழுந்து முகம் கழுவப் போவான். போகிற வழியில் சுவாமி மாடம் இருக்கிறது. அதில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் ஐம்பத்தெட்டாம் வருஷத்துப் பந்தயத்தில் கிடைத்த வெள்ளிக் கோப்பையைக் கமலாக்ஷி புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தாள். சுவாமியைக் கும்பிட வேண்டுமென்றால் அதையும் பார்த்தாக வேண்டும். ஆகவே அவன் ஒரு வருஷமாகச் சுவாமியையும் கும்பிடவில்லை.

அந்தக் கோப்பை எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் மட்டாஞ்சேரி பஜாரைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இந்தக் கதை வெள்ளைக்கார நாட்டில் நடந்ததைப் போல ஆகிவிடும்.

பஜார் ரோடு என்று பெயரே தவிர அது ஒரு சந்துதான். ஒரு கைவண்டி போனால் எதிரில் வருகிறவன் கடைப்படியில் ஏற வேண்டும். அந்தச் சந்தில்தான் மிளகும் சுக்கும் ஏலமும் தலைச்சுமையாகக் கிடங்குகளுக்கும் படகுகளுக்கும் போய்க்கொண்டிருக்கும். போகிறவன் பேசுவது மலையாளம், பின்னால் வருகிறவன் பேசுவது தமிழ், கிடங்கு வாசலில் கத்துகிறவர் குஜராத்தி, பக்கத்துக் கடைக்காரர் கொங்கணி. இதில் யார் கத்தி யாருக்கு விளங்கும்? போதாததற்குத் தலையில் மூட்டை இருப்பவன் கழுத்தைத் திருப்பவும் முடியாது. அதனால் பஜாரில் பாஷையைக் கைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

முன்னால் போகிறவனின் இடுப்பில் விரல் முட்டியால் இரண்டு தட்டு. வலது இடுப்பில் தட்டினால், வலப்பக்கமாக வருகிறேன், நீ இடப்பக்கம் ஒதுங்கு என்று அர்த்தம். தட்டியது யார் என்று பார்க்கக் கூடாது, பார்க்கவும் முடியாது. ஒதுங்க வேண்டியதுதான். இன்னொன்றும் உண்டு. முதுகில் உள்ளங்கையை விரித்து வைத்து, எடுக்காமல் கூடவே நடந்தால், உன் மூட்டை ஒழுகுகிறது, நில் என்று அர்த்தம். வைத்தவன் கையை எடுக்கக் கூடாது. மற்றவன் நிற்கிறவரை கூடவே போய், நின்றதும் மூட்டையை இறக்கவும் கை கொடுக்க வேண்டும். தனக்கு எத்தனை அவசரம் இருந்தாலும் சரி. மிளகு விற்கிற விலையில் அந்த உள்ளங்கையைப் பொய்யாக வைத்து விளையாட எந்தக் கழிசடைக்கும் மனசு வராது.

அழகர் இதிலேயே பிறந்தவன். அவன் அப்பா உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து பஜாரில் சுமை தூக்கியவர். வாஞ்சிநாதனின் அப்பா பாலக்காட்டு ஐயர், அதே பஜாரில் காபி கிளப் வைத்திருந்தார். ஆறு வயதிலிருந்து பால் கேனைத் தூக்கிக்கொண்டு அந்தச் சந்தில் ஓடியவன் வாஞ்சி. ஐயர் பையனாவது, சுமைக்காரன் பையனாவது, தட்டினால் இருவரும் ஒரே மாதிரி ஒதுங்குவார்கள். மோட்டார் சைக்கிள் ஆசையும் இருவருக்கும் ஒரே வண்டியைப் பார்த்துத்தான் வந்தது. யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரன் ஒருவன் விற்றுவிட்டுப் போன வண்டி அது. பிறகு மட்டாஞ்சேரி சேட்டு ஒருவர் வாஞ்சிக்குச் சம்பளம் கொடுத்துத் தன் கடை வண்டியை ஓட்ட வைத்தார். எர்ணாகுளம் கடைக்காரர் ஒருவர் அழகரை அழைத்துக்கொண்டார். கோயமுத்தூர், பெங்களூர், மதராஸ் என்று இருவரும் போகாத பந்தயமில்லை. ஜெயித்தால் கடையில் வண்டி விற்கும். அதுதான் தொழில்.

தொழில் என்று வந்தபின் மென்மை ஏது? வளைவில் முழங்காலைக் கொடுத்துப் பக்கத்து வண்டியை நகர்த்துவார்கள். ஹாண்டில்பாரால் ஹாண்டில்பாரை உரசுவார்கள். அழகர் ஒருமுறை பெங்களூரில் வாஞ்சியைப் புல்தரைக்கே தள்ளியிருக்கிறான். அன்று சாயங்காலம் இருவரும் ஒரே தட்டில் வடை தின்றார்கள். அதிலெல்லாம் யாருக்கும் கோபம் கிடையாது.

ஐம்பத்தெட்டு ஜனவரியில் தீவில் நடந்த பந்தயம் அப்படி முடியவில்லை. துறைமுகக் கிடங்குகளைச் சுற்றி ஓடுகிற ரோடு, பத்துச் சுற்று. கடைசிச் சுற்றில் அழகர் முன்னால், வாஞ்சி அரை வண்டி பின்னால். உப்புக் கிடங்கை ஒட்டி ஒரு வலது வளைவு உண்டு. அதில் உள்பக்கத்தை அழகர் அடைத்துக்கொண்டு போனான். நுழைய ஒரு முழம் இடமில்லை. வேகம் ஒரு அளவைத் தாண்டினால் வாஞ்சிக்குக் காது அடைத்துப்போகும். இரைச்சலெல்லாம் தூரப் போய்விடும், உலகமே தண்ணீருக்கு அடியில் இருப்பது போல நிதானமாகிவிடும். அந்த நிதானத்தில், யாரோ வேறொருவன் செய்வது போல, தன் இடது கை நீண்டு அழகரின் வலது இடுப்பில் இரண்டு தட்டுத் தட்டுவதை அவன் பார்த்தான்.

அழகர் ஒதுங்கினான். இருபத்தைந்து வருஷமாக ஒதுங்கிய இடுப்பு. புத்தி என்ன ஏது என்று கேட்பதற்குள் அது இடப்பக்கம் போய்விட்டது. அங்கே காற்று கொண்டுவந்து கொட்டிய மணல் இருந்தது. வாஞ்சி உள்பக்கமாக நுழைந்து போய்விட்டான். பின்னால் சாக்குகள் வெடிக்கும் சத்தம் மட்டும் அந்த அமைதிக்குள் ஒருமுறை கேட்டது.

அழகருக்கு இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. ஒட்ட வைத்தபோது ஒரு அங்குலம் குட்டையாகிவிட்டது. நடுவர்கள் விசாரித்தார்கள். கொடிக்காரர்கள் வெளிப்பக்கம் நின்றிருந்தார்கள், அழகரின் உடம்பே வாஞ்சியின் கையை மறைத்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அழகரிடம் கேட்டதற்கு, "மணல்ல சறுக்கிடுச்சு" என்றான். முடிந்தது. கோப்பை சுவாமி மாடத்துக்கு வந்தது, கனவும் கூடவே வந்தது.

வாஞ்சி தனக்குத்தானே பலவிதமாகச் சொல்லிப் பார்த்தான். நான் தள்ளவில்லை. அவனாகத்தான் ஒதுங்கினான். வழி கேட்பது குற்றமா? பந்தயச் சட்டப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் அது தப்பு என்று எழுதியிருக்கிறது? இப்படிப் பகலெல்லாம் ஜெயிப்பான். விடிகிற நேரத்தில் அழகர் மூட்டையோடு காயல் மேல் ஏறிப் போய்விடுவான்.

அந்த வருஷம் ஓணம் கழிந்து ஒரு காலையில், பஜாரில் அவன் அந்தக் காட்சியைப் பார்த்தான். அழகர் அப்போது ஒரு மிளகுக் கிடங்கில் சாக்கு தைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். குட்டைக் காலை இழுத்துக்கொண்டு சந்தின் நடுவில் நடந்தான். பின்னால் மூட்டையோடு ஒருவர் விரைந்து வந்தார். அழகரின் இடுப்பில் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, வழி கிடைத்துவிட்டது என்று வேகம் குறைக்காமல் வந்தார்.

அழகர் ஒதுங்கவில்லை. வெடுக்கென்று திரும்பிப் பார்த்தான்.

மூட்டை அவன் நெஞ்சில் மோதிச் சரிந்தது. தையல் பிரிந்தது. சந்து முழுக்கக் கருப்பாக மிளகு ஓடியது. கடைப்படிகளில், சாக்கடையில், செருப்புகளுக்கு அடியில் எங்கும் மிளகு.

"எடா, நீ இந்த பஜார்ல ஜனிச்சவன்தானா?" என்று சுமைக்காரர் கத்தினார். நாலு பேர் கூடினார்கள். "தட்டினா திரும்பிப் பார்க்கறானே! வெளியூர்க்காரன் மாதிரி!" அழகர் குட்டைக் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் மிளகைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தான். அவன் முகம் சிவந்திருந்தது.

காலைத்தான் உடைத்தோம் என்று வாஞ்சி நினைத்திருந்தான். பாவி, இதையும் அல்லவா உடைத்திருக்கிறோம்! இனி இந்தச் சந்தில் இவன் எப்படி நடப்பான்? ஒவ்வொரு தட்டுக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டா?

கூட்டம் கலைந்தபின் அழகரைச் சாயாக் கடை பெஞ்சில் பிடித்தான்.

"அழகர், உன்கிட்ட ஒரு காரியம் சொல்லணும். அன்னிக்கு உப்புக் கிடங்கு வளைவுல..."

"தட்டினே. தெரியும்." அழகர் சாயாவை ஊதிக் குடித்தான்.

"தெரிஞ்சுமா மணல்னு சொன்னே?"

"வேற என்ன சொல்லச் சொல்றே? இவன் தட்டினான், நான் ஒதுங்கினேன்னா? உன்னை யாருடா ஒதுங்கச் சொன்னான்னு அந்தப் பெரிய மனுசங்க சிரிப்பாங்க." டம்ளரைக் கீழே வைத்தான். "சாமி, நீ முழங்கால் குடு. முழங்கை குடு. சாக்குல கொண்டுபோய் மோது. அது ஓட்டம். நானும் செஞ்சிருக்கேன். எங்கப்பன் எனக்குச் சொல்லிக்குடுத்தது ஒண்ணே ஒண்ணு. தட்டினா ஒதுங்கு, நம்பி ஒதுங்குன்னார். அதை வெச்சுல்ல என்னைத் தள்ளிட்டே? இப்ப எவன் தொட்டாலும் உடம்பு நடுங்குது. பாத்தேல்ல, இன்னிக்கி."

"மன்னிச்சுடு" என்று சொல்ல வாஞ்சி வாயைத் திறந்தான். அழகர் கையைக் காட்டி நிறுத்தினான்.

"அதெல்லாம் வேணாம். ஜனவரியில நான் வண்டி எடுக்கறேன். கால் இல்லாட்டி என்ன, கை இருக்கு. எர்ணாகுளத்துக்காரர் வண்டி குடுக்கறேன்னுட்டார். உனக்கு ஒண்ணு சொல்லிவெக்கறேன். பின்னாடி வந்து நீ என்ன தட்டினாலும் இனி நான் ஒதுங்க மாட்டேன்."

எழுந்து, காலை இழுத்துக்கொண்டு, சுவரோரமாகப் போனான். சுவரோரமாகப் போனால் ஒரு பக்கம் மட்டும்தான் தட்ட முடியும். அதைப் பார்த்தபோது வாஞ்சிக்குக் கண்ணில் நீர் முட்டியது.

ஐம்பத்தொன்பது ஜனவரி. தீவில் அன்று காலையில் பனி விலகவே இல்லை. துறைமுகத்துப் பாரந்தூக்கிகளின் கழுத்துகள் பனிக்கு மேலே தலை நீட்டி நின்றன, கால்கள் இல்லை. கப்பல் ஒன்று எங்கோ ஊதியது. கூட்டம் பேசுவதுகூடப் பஞ்சுக்குள்ளிருந்து கேட்டது. வாஞ்சிக்குத் தான் இன்னும் எழுந்திருக்கவில்லை என்றே தோன்றியது. கையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டான், வலித்தது.

கொடி விழுந்ததும் பதினாலு வண்டிகள் அந்த வெண்மைக்குள் பாய்ந்தன. ஐந்தாம் சுற்றில் பனி கரைந்து வெயில் வந்தபோது அழகர் முதலில் இருந்தான். குட்டைக் காலை வண்டியின் கால்தாங்கியில் கட்டி வைத்துக்கொண்டு அவன் ஓட்டிய அழகை என்ன சொல்ல! வளைவில் உடம்பை எறிந்தான். ஒருவனை முழங்கையால் விலக்கினான், இன்னொருவனின் முன்சக்கரத்துக்கு முன்னால் கத்தி செருகுவது போலத் தன் வண்டியைச் செருகினான். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. வாஞ்சியும் சளைக்கவில்லை. எட்டாம் சுற்றில் இரண்டாவதாக வந்தான். ஒன்பதாம் சுற்றில் அழகரின் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டான். இருமுறை முழங்காலைக் கொடுத்தான், இருமுறையும் அழகர் திருப்பிக் கொடுத்தான். ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக வாஞ்சிக்குச் சந்தோஷமாக இருந்தது.

கடைசிச் சுற்றில் வாஞ்சி கண்ணுக்குப் போட்டிருந்த கண்ணாடியில் ஏதோ தெறித்தது. துடைத்தான், விரல் வழுக்கியது. எண்ணெய்.

குனிந்து பார்த்தான். அழகரின் இஞ்சினிலிருந்து எண்ணெய்க் குழாய் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் நூலாக ஒழுகிப் பின் டயரின் மேல் விழுந்தது. அழகருக்கு அது தெரிய வழியில்லை. நேர் ரோட்டில் ஒன்றும் ஆகாது. நேர் ரோடு முடிந்ததும் உப்புக் கிடங்கு வளைவு. அங்கே வண்டியைச் சாய்த்தால், அந்த டயர் பிடிக்காது.

பேசாமல் இருந்தால் போதும். அழகர் அவனாகவே விழுவான். எவன் கையும் பட்டிருக்காது. யாரும் வாஞ்சியை ஒரு வார்த்தை கேட்க முடியாது, இன்னொரு கோப்பை வரும். இந்த எண்ணம் அவனுக்கு வந்ததா என்றால், வந்தது. மனுஷன்தானே. வந்த வேகத்தில் போயும் விட்டது. அடுத்து வந்த எண்ணம்தான் அவனைக் கலக்கியது. எப்படிச் சொல்வது? கத்தினால் இஞ்சின் சத்தத்தில் கேட்காது. முந்திப் போய்க் கை காட்டலாம் என்றால் முந்த நேரமில்லை. கொடிக்காரனிடம் சொல்லி அவன் கொடியை எடுப்பதற்குள் அழகர் வளைவில் கிடப்பான். தட்டினால்? தட்டினால் ஒதுங்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறான், இன்னும் வேகமாகத்தான் போவான்.

காது அடைத்தது. இரைச்சல் தூரப் போனது. உலகம் தண்ணீருக்கு அடியில் இறங்கியது. முன்னால் அழகரின் முதுகு. அதற்கு மேலே, சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வெயிலில் வாஞ்சி ஒரு மூட்டையைப் பார்த்தான். தையல் விட்டு ஒழுகிக்கொண்டிருந்தது.

இந்த முறை வேறு யாரோ செய்யவில்லை, அவனேதான் செய்தான். வலப்பக்கமாக நெருங்கினான். எதிரில் நடுவர்களின் மேடை, ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடது கையை எடுத்து, விரல்களை விரித்து, உள்ளங்கையை அழகரின் முதுகில் வைத்தான். வைத்து, எடுக்கவில்லை.

அழகரின் முதுகு விறைத்தது. கை வழியாக அது தெரிந்தது. அவன் வேகத்தைக் கூட்டினான், வாஞ்சியும் கூட்டினான், கை அப்படியே இருந்தது. "எடுடா கையை!" என்று மேடையிலிருந்து யாரோ ஒலிபெருக்கியில் அலறினார். வாஞ்சியின் வண்டி ஆடியது. ஒற்றைக் கையில் அந்த வேகத்தில் இன்னும் ஐந்து விநாடி பிடிக்க முடிந்தால் அதிகம். 'நம்பேன்டா' என்று மனசுக்குள் கெஞ்சினான். 'என்னை நம்ப வேண்டாம். கையை நம்பு.'

சட்டைக்கு அடியில் அந்த முதுகு தளர்ந்தது. அழகர் திரும்பிப் பார்க்கவில்லை. வேகத்தை விட்டான்.

இரண்டு வண்டிகளும் ஒன்றாக வேகம் இழந்தன. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக இவர்களைத் தாண்டி வளைவுக்குள் போனார்கள். வாஞ்சி கையை எடுக்கவில்லை. வழக்கம் அப்படி. வளைவுக்குப் பத்தடி முன்னால் அழகரின் வண்டி நின்றது. அப்போதுதான் எடுத்தான். எடுத்த கையால் வண்டியைப் பிடித்து, குட்டைக் காலை விடுவித்து, அவனை இறக்கிவிட்டான்.

அழகர் குனிந்து டயரைத் தொட்டான். விரலை முகர்ந்தான். வளைவைப் பார்த்தான், வளைவுக்கு அப்பால் சாக்குகளைப் பார்த்தான்.

"நல்லா ஒழுகியிருக்கு" என்றான் கடைசியில்.

தலைமை நடுவர் விஸ்வேஸ்வரன் ஏலூர்த் தொழிற்சாலையில் பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நேர்மையான மனுஷர்தான், ஆனால் பஜாருக்குள் ஒருநாளும் நடந்து போனதில்லை. மேடைக்குக் கீழே கூடாரத்தில் சட்டப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஓடற வண்டியில இன்னொருத்தன் முதுகுல கை வெச்சு அமுக்கறதாவது! இருபது வருஷத்துல இப்படி ஒரு அக்கிரமம் நான் பார்த்ததில்லே. ஏண்டா, கை வெச்சியா இல்லையா?"

"சார், எண்ணெய் ஒழுகுச்சு" என்று அழகர் முன்னால் வந்தான். "எங்க பஜார்ல சாக்கு ஒழுகினா..."

"சாக்கா? என்ன சாக்கு? ஒழுகினா கொடிக்காரன்கிட்ட சொல்லணும். அதுக்குத்தானே அவன் நிக்கறான்? கை வெச்சானா, அதைச் சொல்லு."

அழகர் தவித்தான். எந்த வார்த்தையில் இதை விளக்குவது? வாஞ்சி அவனைத் தொடாமல் முன்னால் வந்து நின்றான்.

"கை வெச்சேன் சார். போன வருஷமும் வெச்சேன். அன்னிக்கு இவன் மணல்ல சறுக்கலை. நான் தட்டினேன், அதனாலேயாக்கும் விழுந்தான். அந்தக் கோப்பை என்னோடதில்லே."

விஸ்வேஸ்வரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். போன வருஷத்துக் கணக்கு முடிந்துவிட்டது, அதை இனி திறக்க வழியில்லை என்றார். இந்த வருஷத்துக்கு, புத்தகத்தில் இருக்கிறபடி, இரண்டு வருஷம் ஓட்டக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முப்பத்திரண்டு வயசுக்காரனுக்கு இரண்டு வருஷம் என்றால் என்ன அர்த்தம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். சேட்டு அன்றைக்கே வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

அநியாயம் என்பீர்கள். தள்ளியதற்குக் கோப்பை கொடுத்து, தாங்கியதற்குத் தண்டனை கொடுத்தார்களே என்பீர்கள். எனக்கும் முதலில் கோபம்தான் வந்தது. வாஞ்சிக்கு வரவில்லை. அன்று வீட்டுக்கு வந்து, கமலாக்ஷியிடம் முதலிலிருந்து கடைசிவரை சொன்னான். அவள் முழுக்கக் கேட்டாள்.

"இதை ஏன் ஒரு வருஷமா சொல்லலை? சுவாமிகிட்டேன்னா கொண்டுவெச்சேன் அந்தச் சனியனை!" என்று அழுதாள், திட்டினாள். பிறகு எழுந்துபோய்க் கோப்பையை மாடத்திலிருந்து எடுத்தாள். அடுப்படியில் வைத்து அதில் கல்லுப்பைக் கொட்டினாள். அன்று ராத்திரி விடியும்வரை வாஞ்சி கனவில்லாமல் தூங்கினான். அவளுடைய விலாவும் தப்பித்தது.

அவன் மறுபடி அப்பாவின் காபி கிளப்புக்கே போனான். ஆறு வயதில் தூக்கிய அதே பால் கேன்.

ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்டது. பஜார் ரோட்டில் நடுவில் மட்டும் இரண்டு ஆள் உரசி நடக்கிற அகலத்துக்குக் கல் தெரியும். இரு பக்கமும் சாக்கடை நிறைந்து ஓடும். அப்படி ஒரு காலையில் வாஞ்சி கேனோடு வந்தபோது முன்னால் அழகர் போய்க்கொண்டிருந்தான். தலையில் காலிச் சாக்குக் கட்டு. சுவரோரமாக இல்லை, நடுவில் நடந்தான்.

இருவருக்கும் நடுவில் மூட்டையோடு ஒரு சுமைக்காரர் புகுந்தார். அழகரின் இடது இடுப்பில் முட்டியால் இரண்டு தட்டினார். வாஞ்சி மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

அழகர் திரும்பிப் பார்க்கவில்லை. வலப்பக்கம் ஒதுங்கினான். கண்ணை மூடிக்கொண்டு ஒதுங்குகிறவனைப் போல, லேசாக ஒதுங்கினான். சுமைக்காரர் தாண்டிப் போனார். அழகர் மறுபடி நடுவுக்கு வந்து, காலை இழுத்துக்கொண்டு நடந்தான்.

மழையில் யாருக்குத் தெரியப்போகிறது என்று வாஞ்சி அழுதுகொண்டே நெருங்கினான். கை தானாக நீண்டது. அழகரின் வலது இடுப்பில் விரல் முட்டியால் இரண்டு தட்டினான்.

அழகர் நின்றான். நின்றானே தவிர ஒதுங்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. அந்த முட்டியை அவன் இடுப்புக்குத் தெரியாதா?

"சுத்திப் போ, சாமி" என்றான்.

குரலில் கோபமில்லை. வாஞ்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாக்கடையில் இறங்கினான். முழங்கால்வரை தண்ணீர் ஏறியது. கேனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழகரைச் சுற்றி அந்தப் பக்கம் ஏறினான். கொஞ்சம் பால் சிந்தியது. ஒற்றைச் செருப்பு போய்விட்டது.

மறுநாளும் அதே இடத்தில், அதே இடுப்பில் தட்டினான். மறுநாளும் சாக்கடையில்தான் இறங்கினான்.